முதல் நீண்ட பைக் பயணம்: ஒரே ஒரு துணையா, ஒரு குழுவா?

ஊருக்குள் ஓட்டிப் பழகியாயிற்று, கியர் மாற்றும்போது கை கால் தடுமாறுவதில்லை என்ற நிலை வந்ததும் நெடுஞ்சாலை ஆசை வரும். தனியாகப் போகத் தயக்கம் இருக்கும். அப்போது பெரும்பாலும் இரண்டு அழைப்புகள் வரும். அனுபவமுள்ள ஒரு நண்பர் "வா, நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்" என்பார். இன்னொரு பக்கம், வார இறுதியில் பத்துப் பதினைந்து பைக்குகளோடு கிளம்பும் ஒரு குழு "நீயும் சேர்ந்துக்கோ" என்று கூப்பிடும்.

நான் முதலில் போனது ஒரு துணையோடு. பிறகு சில குழுக்களோடும் போய்ப் பார்த்தேன். இன்று புதிதாக ஓட்டுபவர் யாராவது கேட்டால், தயங்காமல் ஒரு துணையோடு போகத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானவை தெரிந்த விஷயங்கள்தான். பஞ்சர் ஆனாலோ செயின் கழன்றாலோ உதவிக்கு ஆள் இருக்கும், வழி தெரிந்தவர் கூட இருப்பார். குழுவில் கருவிகள் அதிகம் இருக்கும், முதலுதவிப் பெட்டி இருக்கும், புதிய நட்புகள் கிடைக்கும், உற்சாகமும் கூடுதல். இதில் குழுவுக்கே மதிப்பெண். ஆனால் முதல் பயணம் நல்லபடியாக அமைவதை இவை எதுவும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது வேகம்தான். குறிப்பாக, அந்த வேகத்தை முடிவு செய்வது யார் என்பது.

எந்தக் குழுவிலும் கிளம்பும் முன் "உங்க வேகத்துல வாங்க, அவசரமே இல்லை" என்றுதான் சொல்வார்கள். மனதாரவே சொல்வார்கள். ஆனால் சாலையில் நடப்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் போகிறவர்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள். ஒரு சிக்னலிலோ லாரிக்குப் பின்னாலோ நீங்கள் மாட்டி 30 வினாடி தாமதமாகிறீர்கள். இடைவெளி 500 மீட்டர் ஆகிவிடும். அவர்கள் வேகத்தைக் குறைக்காவிட்டால், நீங்கள் 80-ல் ஓட்டினால்கூட அவர்களைப் பிடிக்க ஒன்றரை நிமிடமும் 2 கிலோமீட்டரும் ஆகும். 60-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு 80-ல் தேவை. ஆக, இன்னும் 80-ஐப் பழகாத ஒருவர், முன்னால் போனவர்களைத் தேடும் பதற்றத்தோடு 2 கிலோமீட்டர் தூரத்தை அந்த வேகத்தில் கடக்கிறார். அடுத்த சிக்னலில் மறுபடியும் இதே கதை.

இதோடு வரிசை நீள நீளக் கூடும் இன்னொரு தொல்லையும் உண்டு. குழுவாக ஓட்டுபவர்கள் இதை ரப்பர் பேண்ட் விளைவு என்பார்கள். முன்னால் போகிறவர் லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துகிறார். அடுத்தவர் அதைக் கவனித்து எதிர்வினை காட்ட ஒரு கணம் ஆகிறது, அதனால் சற்று அதிகமாகக் குறைக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர் அதைவிட அதிகம். பத்தாவது ஆளுக்கு வரும்போது அது அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டிய சம்பவமாகிவிடுகிறது. பிறகு முன்னால் இருப்பவர் வேகம் எடுத்ததும் கடைசி ஆள் திருகிக்கொண்டு ஓட வேண்டும். முன்னால் ஒரே சீரான வேகம், பின்னால் ஓயாமல் ஏறி இறங்கும் வேகம். மெதுவாகப் போகும் புதியவர் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளப்பட்டு, வரிசையிலேயே கடினமான அந்த இடத்தில் போய் நிற்கிறார்.

முந்துவதும் அப்படித்தான். வண்டிகளின் வால் பிடித்துப் போகும்போது, முன்னால் இருப்பவர் லாரியை முந்தினால் நம் கையும் தானாகத் திருகும். அவருக்கு இருந்த இடைவெளி நமக்கு இருக்காது. எதிரில் வரும் கார் அதற்குள் நெருங்கியிருக்கும். ஒவ்வொருவரும் தானே பார்த்து, தானே முடிவெடுத்துத்தான் முந்த வேண்டும். ஆனால் எட்டுப் பேர் முந்திப் போன பிறகு ஒன்பதாவது ஆளாகப் பொறுமையாகக் காத்திருக்க நிறையத் துணிச்சல் வேண்டும். முதல் நாளிலேயே அது எல்லோருக்கும் வராது. வளைவுகளிலும் இதே சிக்கல் உண்டு. நாம் எங்கே பார்க்கிறோமோ பைக் அங்கே போகும். வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டிய கண்கள், முன்னால் போகும் பைக்கின் பிரேக் லைட்டிலேயே ஒட்டிக்கொண்டால், அவர் போகும் வேகத்திலேயே நாமும் வளைவுக்குள் நுழைந்துவிடுவோம்.

ஒரே ஒரு துணை என்றால் இவை எல்லாம் பெரும்பாலும் கரைந்துபோகும். பிரிந்துவிட்டால் அவர் வேகத்தைக் குறைப்பார், அவ்வளவுதான். பின்னால் வரும் ஒருவரை மட்டும் கவனித்தால் போதும் என்பதால் அவரால் அதைச் செய்ய முடியும். "கண்ணாடியில் நீ தெரியாவிட்டால் நான் மெதுவாகப் போவேன், அப்போதும் தெரியாவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி நிற்பேன்" என்று கிளம்பும் முன்பே என் நண்பர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கு போதும், பின்னால் வருபவருக்கு விரட்டிப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்காது.

யார் முன்னால் போவது? இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். அனுபவசாலி முன்னால் போனால் சாலையில் எந்தப் பக்கமாகப் போவது, எங்கே வேகம் குறைப்பது என்று பார்த்துப் பழகலாம், குழியையும் மணலையும் அவர் கைகாட்டிச் சொல்வார். புதியவர் முன்னால் போனால் வேகம் முழுக்க அவர் கையில் இருக்கும், பின்னால் வருபவர் தவறுகளைக் கவனித்து நிறுத்தத்தில் சொல்லலாம். எனக்குப் பிடித்தது கலந்து செய்வது: முதல் பாதி அவர் முன்னால், சாலை அகன்று போக்குவரத்து குறைந்ததும் நாம் முன்னால். முன்னால் போகும்போது, நம் பின்னால் எந்த வண்டி நெருங்குகிறது என்ற கவலையில் பாதியைத் துணையாள் சுமந்துகொள்வார். அந்த நிம்மதியில்தான் நான் என் ஓட்டத்தையே கவனிக்கத் தொடங்கினேன்: தோள் இறுகியிருக்கிறதா, கைப்பிடியை நெரிக்கிறேனா, வளைவுக்கு முன்பே கியர் குறைத்தேனா என்று.

நிற்பதும் நம் விருப்பம். காற்று நெஞ்சில் மோதிக்கொண்டே இருப்பதும் இறுக்கிப் பிடித்த கையும் புதியவரைச் சீக்கிரம் களைக்க வைக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை நிற்கலாம் என்றால் இருவர் எளிதாக நிற்கலாம். பதினைந்து பைக்குகளை ஓரங்கட்ட இடம் தேட வேண்டும், அப்புறம் பத்து நிமிட ஓய்வு அரை மணி நேரமாகும்.

துணையாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை, இந்த வழியின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அவரிடம் கெட்ட பழக்கம் இருந்தால் அதைத் திருத்த வேறு ஆள் கிடையாது, நாம் அதையே சரி என்று கற்றுக்கொள்வோம். நண்பர்களில் வேகமானவரைத் தேடாதீர்கள். இண்டிகேட்டர் போடாமல் திரும்பாதவர், குறுகிய தூரத்துக்கும் ஹெல்மெட்டும் கையுறையும் அணிபவர், உங்களுக்காக 60-ல் போவதைத் தியாகமாக நினைக்காதவர், இப்படிப்பட்டவர் வேண்டும். அவருக்கே விபத்து என்றால் உதவ நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள் என்பதும் உண்மை. அதனால் ஆள் நடமாட்டம் உள்ள, செல்பேசி சிக்னல் கிடைக்கும் சாலையாகவே முதலில் தேர்ந்தெடுங்கள். அனுபவசாலியைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். இன்னொருவரின் எடை ஏறியதும் பைக் திரும்பும் விதமும் பிரேக் பிடிக்கும் விதமும் மாறிவிடும். அது தனியாகப் பழக வேண்டிய வேறு பாடம்.

ஹெல்மெட்டில் பொருத்தும் இண்டர்காம் பற்றிக் கேட்பார்கள். நான் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்திய அளவில், நேரான சாலையில் உதவியது, வளைவின் நடுவில் காதில் கேட்ட அறிவுரை கவனத்தைக் கலைத்தது. நீண்ட நாள் பழகியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

சரி, குழுவின் பக்கமும் நியாயமாகப் பேச வேண்டும். நல்ல குழு என்றால் நான் மேலே சொன்ன குறைகளில் பாதி இருக்காது. ஐந்து முதல் ஏழு பேர் வரை சிறு சிறு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். புதியவரை லீடருக்கு நேர் பின்னால், இரண்டாவதாக விடுவார்கள். அனுபவமுள்ள ஒருவர் கடைசியாக வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. சில குழுக்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவார்கள், கடைசி ஆள் வந்து சேரும் வரை அவர் வழிகாட்டி நிற்பார். அப்போது முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய கட்டாயமே இல்லை. அருமையான ஏற்பாடு அது. நான் போன குழுக்களில் எல்லாவற்றிலும் இது இல்லை. நான் பார்த்த குழுக்களும் குறைவு, ஆகவே பொதுவாக இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நல்ல குழுவிலும் கற்றுக்கொள்ள வேண்டிய பாரம் அதிகம். நேர் வரிசையாகப் போகாமல் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என மாறி மாறிப் போக வேண்டும். சாய்வாக முன்னால் இருப்பவருக்கு 1 வினாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு 2 வினாடி இடைவெளி விட வேண்டும். வளைவு வந்தால் ஒற்றை வரிசையாகி, தாண்டியதும் மறுபடி பிரிய வேண்டும். ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் வலக்கையில் என்பதால் சைகை எல்லாம் இடக்கையில்தான், அதாவது கிளட்ச்சை விட்டுவிட்டுக் காட்ட வேண்டும். பழகியவருக்கு இது யோசிக்காமல் வரும். கியரையே இன்னும் யோசித்து மாற்றுபவருக்கு ஒரே நேரத்தில் இவ்வளவும் அதிகம்.

அனுபவமுள்ள நல்ல துணை கிடைக்கவில்லை, குழு மட்டும்தான் கிடைக்கிறது என்றால், ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: எத்தனை பைக்குகள், கடைசியில் வருவது யார், நான் பின்தங்கினால் என்ன செய்வீர்கள். "அடுத்த திருப்பத்தில் காத்திருப்போம்" என்ற பதில் வந்தால் போகலாம். "விட்டுடாம ஒட்டியே வந்துடுங்க" என்றால் வேண்டாம். சேர்ந்துவிட்டால் இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்குங்கள். முடியவில்லை என்று தோன்றினால் பாதியில் விலகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நிறுத்தத்தில் லீடரிடமும் கடைசியில் வருபவரிடமும் சொல்லிவிட்டு விலகுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடி அவர்கள் வந்த வழியே திரும்புவார்கள்.