அசெர்ட்டும் ஜீலாக்கும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் சர்வரில் இரவு பகலாக ஓடும் சி++ நிரல் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் பிழை தேட நான் நம்பியிருந்தது சி மொழியோடு வரும் அசெர்ட் மேக்ரோவை மட்டுமே. நாம் அதற்குள் எழுதும் நிபந்தனை பொய்த்தால், அது கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் அச்சிட்டு நிரலை அங்கேயே நிறுத்திவிடும். கோர் டம்ப் (நிரல் விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல்) கிடைத்தால் அதை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பின்னோக்கிப் படிக்கலாம்.

நிரலைத் தொகுக்க மேக்ஃபைலை விட்டு சிமேக் என்ற கருவிக்கு மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. ரிலீஸ் பில்டில் (பயன்பாட்டுக்கு விடும் தொகுப்பில்) சிமேக் என்டிபக் என்ற மேக்ரோவைத் தானாகவே வரையறுத்துவிடும். அப்போது அசெர்ட்டுகள் அனைத்தும் நிரலிலிருந்து மறைந்துவிடும். வரிசையிலிருந்து ஓர் உருப்படியை எடுக்கும் அழைப்பையே நான் ஓர் அசெர்ட்டின் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தேன். சோதனையோடு அந்த அழைப்பும் போய்விட, வரிசை குறையாமல் நினைவகம் ஏறிக்கொண்டே இருந்தது. பிழை தேடுவதற்கான டிபக் பில்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியதால், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ரெல்வித்டெப்இன்ஃபோ (டிபக் தகவலோடு கூடிய ரிலீஸ்) என்ற பில்ட் வகையும் என்டிபக்கைச் சேர்க்கும் என்பதை, அதன் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அதன்பின், நிரலின் நிகழ்வுகளைப் பதிவு (லாக்) செய்யும் கூகுளின் நூலகமான ஜீலாக்கின் செக் மேக்ரோவுக்கு மாறினேன். இது ரிலீஸ் பில்டிலும் நீங்காது. அடிக்கடி சுழலும் லூப்களுக்குள் மட்டும், என்டிபக் இருந்தால் செயலிழக்கும் டிசெக்கைப் பயன்படுத்துகிறேன். எனக்கு மிகவும் உதவியது, இரு மதிப்புகள் சமமா என்று சோதிக்கும் செக்_ஈக்யூதான். சாதாரண அசெர்ட் இரண்டும் சமமில்லை என்று மட்டுமே சொல்லும். இதுவோ இரு பக்க மதிப்புகளையும் லாகில் எழுதிவிட்டுத்தான் நிரலை நிறுத்தும் என்பதால், பல நேரங்களில் கோர் டம்பைத் திறக்கவே தேவை வருவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இன்ஃபோ நிலை (சாதாரணத் தகவல்) வரிகளை ஜீலாக் உடனே கோப்பில் எழுதாமல், இயல்பாக 30 விநாடி வரை பஃபரில் வைத்திருக்கும். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழையில்) நிரல் விழுந்தபோது, நமக்கு வேண்டிய கடைசி வரிகள்தாம் கோப்பில் இருக்காது. நிரல் விழும்போது தேங்கிய வரிகளை எழுதிவிடும் ஜீலாக்கின் சிக்னல் ஹேண்ட்லரை நிறுவிய பின் இது பெருமளவு தீர்ந்தது. ஆனால் நினைவகம் போதாமல் கெர்னலே நிரலைக் கொன்றால் எந்த ஹேண்ட்லரும் ஓடாது. அந்தச் சந்தேகம் உள்ள நாள்களில் லாக்பஃப்லெவல் என்ற ஜீலாக் அமைப்பை -1 ஆக்கி, ஒவ்வொரு வரியையும் உடனே எழுதச் செய்கிறேன். வேகம் குறைவது உண்மைதான்.

விடுவித்த நினைவகத்தைத் தொடுவது போன்ற பிழைகளுக்கு அசெர்ட்டும் ஜீலாக்கும் போதா. அவற்றுக்கு, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி வேண்டும். ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்தாலும், அதே வகைக் கருவியான வால்கிரைண்டை விட அது வெகு விரைவானது.

வெளியிலிருந்து வரும் தரவுக்கு மட்டும் நான் செக் போடுவதில்லை. பழுதான ஒரே கோப்புக்காக சர்வர் முழுவதும் விழக் கூடாது. வார்னிங் நிலையில் ஒரு வரி எழுதிவிட்டு, அந்தக் கோப்பை ஒதுக்கி வைக்கிறோம்.