ஸ்டெல்லா செர்ரி: பத்து வருடம் வளர்த்த பிறகு

லண்டன் புறநகரில் எங்கள் பின்வளவில் 2015 நவம்பரில் நட்ட மரம். மண்ணில்லாமல், வேரைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஸ்டெல்லாவை வாங்கக் காரணம், அது தனியாக நின்றே காய்க்கும். இனிப்புச் செர்ரியில் பல வகைகளுக்கு மகரந்தம் தர வேறு வகை மரம் பக்கத்தில் வேண்டும். கனடாவின் சம்மர்லாந்து ஆய்வு நிலையத்தில் உருவாகி 1968இல் வெளிவந்த இதற்குத் துணை தேவையில்லை.

வகையைக் கேட்ட நான், எந்த வேரில் ஒட்டியது என்று கேட்கவில்லை. பழமரத்தை வேறொரு மரத்தின் வேரில் ஒட்டித்தான் விற்பார்கள்; உயரம் அந்த வேரைப் பொறுத்தது. பிறகுதான் தெரிந்தது, ‘கோல்ட்’ (Colt) என்ற வேர். விட்டால் இருபது அடிக்கு மேல் போகும். ‘ஜிசெலா 5’ என்ற குட்டை வேரில் ஒட்டியதென்றால் பத்துப் பன்னிரண்டு அடியோடு அடங்கியிருக்கும். சின்ன வளவுக்காரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

வேலியோரம் வீட்டோடு வந்த மரம் ஒன்று நிற்கிறது. வெள்ளைப் பூவை நம்பி இரண்டு வருடம் அதையும் செர்ரி என்றே சொல்லித் திரிந்தேன். பிளம்! இப்போது பூவைப் பார்ப்பதில்லை. செர்ரிப் பட்டையில் குறுக்காகக் கோடு கோடாக ஓடும்; இலைக்காம்பு இலையைத் தொடும் இடத்தில் குண்டூசித் தலையளவில் சிவப்பாக இரண்டு முடிச்சு இருக்கும். பழமும் நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும்.

பெரிய பிழை விட்டது 2019 ஜனவரியில். ஊரில் முருங்கையை மொட்டையடித்தாலும் தளிர்த்துவிடும் அல்லவா, அந்தத் துணிச்சல். இலையில்லாத நேரம் கிளை தெளிவாகத் தெரிகிறதே என்று நாலைந்தை அறுத்துவிட்டேன். வசந்தம் வந்ததும் வெட்டின இடத்துக்குக் கீழே தேன் நிறத்தில் பிசின் வடிந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தொட்டுப் பார்த்து, "முருங்கைப் பிசின் மாதிரியெல்லோ கிடக்கு, இதுக்கேன் பயப்பிடுறாய்?" என்றா. கத்தியால் பட்டையைச் சீவினால் உள்ளே மண்ணிறம். ஒரு பெரிய கிளை இலையே விடவில்லை. பாக்டீரியாப் புற்று. குளிரும் ஈரமுமான மாதங்களில் வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய்விடும். வெள்ளியிலை நோய்ப் பூஞ்சைக்கும் அதே வாசல்தான். ஜூலையில் நல்ல கட்டை தெரியும்வரை அறுத்து எரித்தேன். அதன்பிறகு கத்தரிப்பதெல்லாம் பழம் பறித்து முடிந்ததும், மழையில்லாத நாளில்தான். பிசின் கண்ட இடமெல்லாம் நோய் என்றில்லை. தண்ணீர் குறைந்தாலும் காயம் பட்டாலும் கொஞ்சம் வடியும். பட்டை குழிவிழுந்து கிளையும் காய்ந்தால்தான் கவலை.

ஜூனில் நுனியிலைகள் சுருளும், உள்ளே கறுப்பு அசுவினிப் பூச்சி. கன்றாக இருந்தபோது சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன். இப்போது விட்டுவிடுகிறேன், பொறிவண்டு பார்த்துக்கொள்கிறது.

விளைச்சலை நம்பிக் கணக்குப் போடமுடியாது. 2018இல் மொத்தம் பதினொரு பழம். 2021 ஏப்ரலில் இரவுக்கிரவு உறைபனி, பூவின் நடு கறுத்து ஒன்றும் தங்கவில்லை. பழுக்கும் நேரம் மழை கொட்டினால் தோல் வெடிக்கும். நல்ல வருடத்தில் இரண்டு வாளி வரும். கருஞ்சிவப்பு, கடையில் வாங்குவதைவிடச் சாறு அதிகம்.

வலை போடாவிட்டால் அதுவும் பறவைகளுக்குத்தான். முதல் வருடம் தொளதொளவென்று போட்டு, கரும்பறவை ஒன்று கால் சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலால் வெட்டி விடுவித்தேன், கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. இப்போது கீழ்க்கிளைகளுக்கு மட்டும் இழுத்துக் கட்டுகிறேன். உச்சி எனக்கும் எட்டாது, அது அவைக்கு.