நேற்று என்ன அப்டேட் ஆனது?

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்யும் கடை எங்களுடையது. சில வருடங்களாகக் கடைக் கணினிகள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. பென்டிரைவ் வைரஸ் தொல்லை ஒழிந்தது, பழைய கணினிக்கும் உயிர் வந்தது. அதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் பிழைப்பே பிரவுசருக்குள் நடப்பதால், அது எப்போது, ஏன் விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஓர் அக்கா வந்திருந்தார். படிவம் பாதி நிரப்பியாயிற்று. ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்க இன்னொரு டேப் திறந்தால், ஃபயர்பாக்ஸை மூடித் திறக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. திறந்தபோது லாகின் போயிருந்தது. “தம்பி, மறுபடியும் ஓடிபி வருமா? ஃபோன் அவர்கிட்ட இல்ல இருக்குது” என்றார். அவர் கணவரோ தக்காளி மார்க்கெட்டில், ஏலத்தில் நிற்கிறார்.

பிரவுசரில் கோளாறு எதுவும் இல்லை. தானியங்கி அப்டேட் பின்னணியில் ஓடி, ஹார்டு டிஸ்க்கில் இருந்த பிரவுசர் கோப்புகளை மாற்றிவிட்டது. நினைவகத்தில் ஓடுவதோ பழைய பதிப்பு. புதிய டேப்புக்காகப் பிரவுசரின் புது புராசஸ் (தனியாக ஓடும் ஒரு பகுதி) ஒன்று எழும்போது அது புதிய பதிப்பாக எழுந்து நிற்கும். இரண்டு பதிப்புகளின் பில்ட் எண்ணையும் (தயாரிப்பு அடையாள எண்) ஃபயர்பாக்ஸ் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் மேற்கொண்டு போக மறுக்கிறது. கண்டபடி கிராஷ் ஆவதைவிட இது மேல்தான், ஆனால் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படித் தோன்றாது. மின்ட்டில் தானியங்கி அப்டேட் இயல்பாக அணைந்தே இருக்கும், நாங்களாகத்தான் ஆன் செய்திருந்தோம். கடைக் கணினியில் அப்படியே விடுவதுதான் நல்லது. நாங்கள் இப்போது ஷட்டரை இறக்கும் நேரத்தில், பிரவுசரை மூடிவிட்டுத்தான் அப்டேட் போடுகிறோம். இன்னொரு லினக்ஸான உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் இப்போது ஸ்னாப் என்ற தனித் தொகுப்பு வடிவில் வருகிறது. அங்கே ஃபயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் உடனே மாற்றாமல், மூடச் சொல்லி அறிவிப்புக் காட்டும்.

குரோம் போன்ற குரோமியம் வகைப் பிரவுசர்களில் வந்தது வேறு கூத்து. ஒருநாள் காலையில் பட்டா பக்கத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. எழுத்துருதான் போய்விட்டது என்று கடைப் பையன் நினைத்தான். பக்கத்தை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்த்தோம், சரியானது. அப்படியானால் விஷயம் கிராஃபிக்ஸ் பக்கம் இருக்கிறது. முந்தின இரவு மேசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. பழைய டிரைவருக்காகத் தயாரித்து வைத்த ஷேடர் எனும் சிறு வரைகலை நிரல்களைப் பிரவுசர் புது டிரைவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரவுசர் நம் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் வைக்கும் புரொஃபைலுக்குள் இருக்கும் ஜிபியுகேஷ் (GPUCache) என்ற ஃபோல்டரை அழித்தால் போதும், பிரவுசரே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அவை எதுவும் போகாது. அழித்த பிறகு ஆக்சிலரேஷனை மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் யூடியூப் பார்க்கும்போது மின்விசிறி விமானம் மாதிரி சத்தம் போடும்.

இதற்கெல்லாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து அப்டேட் வரலாற்றைப் பாருங்கள். எந்தத் தேதியில் எது எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனது என்று வரிசையாக இருக்கும். பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவுவது பெரும்பாலும் வீண் வேலை. புரொஃபைல் ஹோம் ஃபோல்டரில்தான் (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) இருக்கிறது, மறுபடி நிறுவும்போது அதை யாரும் தொடுவதில்லை.

கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் கருவியில் பின்னோக்கிப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அது ஹோம் ஃபோல்டரை இயல்பாக விட்டுவிடும். ஆக, பிரவுசர் பழைய பதிப்பு, புரொஃபைல் புதிய பதிப்பு. 2019இல் வந்த ஃபயர்பாக்ஸ் 67 முதல், இப்படி நேர்ந்தால் ஏற்கெனவே இருக்கும் புரொஃபைலைத் திறக்காமல் புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும். புக்மார்க் எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும், ஆனால் போயிருக்காது. ஃபயர்பாக்ஸை மட்டும் அப்டேட் செய்து, முன்பு இருந்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் திரும்ப வரும்.

மூலையில் பழைய வகையான 32-பிட் கணினி ஒன்று, மின்ட்டின் டெபியன் வகையான எல்எம்டிஈ 6இல் ஓடுகிறது. 32-பிட் லினக்ஸுக்கு வந்த கடைசி வழக்கமான ஃபயர்பாக்ஸ் 144. நீண்ட கால ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் 140க்கு 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மொசில்லா சொல்லியிருக்கிறது. அதுவரை அதில் விண்ணப்பம் போடுவோம், பிறகு தமிழ் டைப்பிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக இருக்கிறோம்.