தீயைப் பரப்பாத கேபிளா, தீயிலும் வேலை செய்யும் கேபிளா?

கடையில் 'ஃபயர் கேபிள்' கேட்டால் பெரும்பாலும் எஃப்ஆர்எல்எஸ்எச் (FRLSH) வயர்தான் கைக்கு வரும். அது தீயைப் பரப்பாது. புகையும் ஆசிட் வாயுவும் குறைவு. ஆனால் இன்சுலேஷன் பிவிசிதானே, நெருப்பில் உருகிக் கம்பிகள் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். லைட், ஃபேன், பிளக் பாயின்ட்டுக்கு இது தாராளம்.

ஃபயர் சர்வைவல் கேபிள் வேறு ரகம். செம்பின்மேல் மைக்கா (வெப்பம் தாங்கும் கனிமம்) டேப் சுற்றியிருக்கும். மேலுறை கருகினாலும் அது கம்பிகளை ஒட்டவிடாது. பிஎஸ் 6387 என்ற பிரிட்டிஷ் தரநிலையின் 'சி' சோதனையில் 950 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் மின்சுற்று அறுபடக் கூடாது. விலை மிக அதிகம் என்பதால் ஃபயர் பம்ப், புகை வெளியேற்றும் ஃபேன், அலாரம், அவசர விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் விதம்தான். பிளாஸ்டிக் கிளிப், நைலான் டை உருகினால் கேபிள் தொங்கி அறுந்துவிடும். ஸ்டீல் கிளிப்பே வேண்டும். வழியில் சாதாரண பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று இருந்தாலும் செலவு வீண். கூர்மையாக மடக்கினால் மைக்காவில் விரிசல் விழும். இன்னொன்று: அந்த 950 டிகிரிச் சூட்டில் செம்பின் மின்தடை நான்கு மடங்குக்கும் மேல் ஏறும். பம்புக்குப் போகும் நீளமான கேபிளில் வோல்டேஜ் இறக்கத்தைக் கணக்கிட்டு, தடிமனைக் கூட்டித் தேர்ந்தெடுங்கள்.