சிங்கத்தைக் காட்டினார்கள், ஊசியைச் சொல்லவில்லை

5க்கு 3 ஸ்டார் போடுகிறேன். அதில் இரண்டரை கென்யாவில் எங்களுக்கு வண்டி ஓட்டினவருக்கு, மிச்சம் அரைதான் கோயமுத்தூரில் புக் பண்ணிக் கொடுத்த ஏஜென்சிக்கு. பேர் போடவில்லை. நடத்துகிற பையன் எங்கள் மாமன் வழியில் ஒன்றுவிட்ட சொந்தம், நாளைக்கே ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார வேண்டியிருக்கும். இங்கே இருக்கிறவர்களும் இங்கிலாந்தில் செட்டில் ஆன பிள்ளைகளும் ஒன்றாக ஆப்பிரிக்கா சஃபாரி போகிற மாதிரி பிளான் போட்டால் எங்கே இடிக்கும் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தம்பி இங்கிலாந்தில் ரீடிங் என்கிற ஊரில் இருக்கிறான். அவன், அவன் சம்சாரம், 14 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், நாலு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர்கள் லண்டனில் இருந்து நேராக நைரோபி வருவது, நாங்கள் அப்பா அம்மாவோடு ஐந்து பேர் கோவையில் இருந்து சார்ஜா வழியாகப் போய்ச் சேர்வது, ஆறு ராத்திரி காட்டில், அப்புறம் எல்லோருமாக ஊருக்கு வந்து குலசாமிக்குப் பொங்கல் வைப்பது. இதுதான் திட்டம், 2024 ஆகஸ்டுக்கு.

ஆகஸ்ட் என்று முடிவாகிறதுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து. ஏஜென்சிப் பையன் முதலில் மே மாசம் என்றான், "ரேட்டு பாதிக்குப் பாதிதானுங்க்கா, நம்ம பக்கமும் லீவு." ரேட் ஏன் பாதி என்று கேட்டால் பதில் இல்லை. கென்யாவில் மார்ச் கடைசியில் இருந்து மே வரைக்கும் பெருமழைக் காலம், நாங்கள் போக இருந்த மசாய் மாரா சரணாலயத்தில் பல இடம் நம்ம கரிசல் காடு மாதிரி மண், மழை பெய்தால் வண்டி சக்கரம் முக்கால்வாசி உள்ளே போய்விடும். அதோடு இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் அபராதம். அந்த ஆகஸ்டில் இருந்து அது இன்னும் ஏறிவிட்டது: ஒரு பிள்ளைக்கு அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்குத் தனியாக 80, இருபத்தொரு நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆகஸ்ட்டு இல்லீன்னா நான் வரல" என்று சொல்லிவிட்டான். ஜூலையில் இருந்து அக்டோபர் வரைக்கும்தான் வில்டபீஸ்ட் என்கிற மான் கூட்டம் மாரா பக்கம் இருக்கும் என்பதால் எங்களுக்கும் அதுவே சரியாகப் போச்சு. இங்கிலாந்து ஸ்கூல் லீவும் இந்தக் கூட்டமும் ஒரே மாசத்தில் வருவதால் நல்ல லாட்ஜ் எல்லாம் சீக்கிரமே நிரம்பிவிடும், நாங்கள் ஜனவரியிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

இனி ஊசிக் கதை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கென்யா போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம், இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் இருந்தே கொண்டுபோய் ஆறு நாள் வரைக்கும் தனியாக வைத்துவிடுவார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் இதைப் பையன் சரியாகச் சொன்னான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். அறுபதைத் தாண்டினவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள், அப்பாவுக்கு 67 என்பதால் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டு, நாங்கள் கோபியில் வாங்கிப் போயிருந்த லெட்டரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தொட்டார். தம்பி குடும்பத்துக்கு மட்டும், "யூகே பாஸ்போர்ட்டுக்கு அது வேண்டாமுங்க" என்றான் பையன். லண்டன், நைரோபி, திரும்ப லண்டன் என்று போய் வந்தால் அது சரிதான், அட்டையை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இவர்கள் நைரோபியில் இருந்து எங்களோடு கோயமுத்தூருக்கு அல்லவா வருகிறார்கள்! இந்தியா பார்ப்பது பாஸ்போர்ட்டின் நிறத்தை இல்லை, எந்த நாட்டில் இருந்து வந்து இறங்குகிறாய் என்பதைத்தான்.

இதைக் கண்டுபிடித்தது ஏஜென்சி இல்லை. மலேரியா மாத்திரை வாங்கப் போன இடத்தில் ரீடிங்கில் ஒரு நர்ஸம்மா சாதாரணமாகக் கேட்டிருக்கிறார், கென்யாவுக்கு அப்புறம் எங்கே போகிறீர்கள் என்று. ஆறு மாசத்தில் எங்கள் ஆள் கேட்காத ஒரே கேள்வி. கிளம்ப நாலு வாரம்தான் பாக்கி. அந்த ஊசி அங்கே அரசு ஆஸ்பத்திரிக் கணக்கில் இலவசமாக வராது, கையில் இருந்து காசு கொடுத்து நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள். போட்ட பத்தாவது நாளில் இருந்துதான் அட்டை செல்லும், இன்னும் நாலு வாரம் தள்ளித் தெரிந்திருந்தால் பொங்கல் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

விசா விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் இருந்து கென்யாவில் விசா கிடையாது, அதற்குப் பதிலாக இ.டி.ஏ. என்று ஆன்லைனில் அனுமதி. இந்தியனோ பிரிட்டிஷோ, குழந்தையாக இருந்தாலும் வேண்டும். ஒன்பது பேருக்கும் தப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தான்.

பணத்தில்தான் மறுபடி தகராறு. மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரியில் இருந்து ஜூன் வரை நாளைக்கு 100 டாலர், ஜூலையில் இருந்து டிசம்பர் வரை 200. டிக்கெட்டும் காலை 6 மணியில் இருந்து மாலை 6 வரைக்குத்தான் செல்லும். பையன் ஆகஸ்ட் டூருக்கு 100 போட்டுக் கொட்டேஷன் கொடுத்து அட்வான்ஸும் வாங்கிவிட்டு, மே மாசம் போன் பண்ணி வித்தியாசம் கேட்கிறான். ஏழு பெரியவர்கள், மூன்று நாள், 2,100 டாலர்! கடைசியில் பாதி அவன், பாதி நாங்கள் என்று முடிந்தது. எங்கள் ஐந்து பேர் பில்லையும் வீட்டுக்காரர் பேன் நம்பர் ஒன்றிலேயே போட்டதால் அந்த வருஷத்து விதிப்படி 7 லட்சத்தைத் தாண்டின தொகைக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் டி.சி.எஸ். (டூர் பில்லோடேயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடித்தார்கள். ரிட்டர்னில் திரும்ப வரும், சரி, ஆனால் அதுவரைக்கும் முடங்கிக் கிடப்பது நம் காசு.

தம்பி வேறு ஒன்று கேட்டான். பிரிட்டனில் ஒரு கம்பெனி விமான டிக்கெட்டோடு பேக்கேஜ் விற்றால் ஏ.டி.ஓ.எல். என்கிற லைசென்ஸ் வேண்டும், கம்பெனி மூழ்கினாலும் போட்ட பணம் திரும்பி வரும், நடுவழியில் இருந்தால் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கோயமுத்தூர்க் கடையில் அதற்கு எங்கே போவது? அதனால் அவன் பங்கை அங்கத்திய கிரெடிட் கார்டில்தான் கட்டுவேன் என்று நின்றான். அங்கே 100 பவுண்டுக்கு மேல் கார்டில் வாங்கின சேவை கிடைக்காமல் போனால் பேங்க்கையே கேட்கச் சட்டம் இருக்கிறதாம், 30,000 பவுண்டு வரைக்கும். கார்டுக்கு 3 சதவீதம் சேர்த்துத்தான் பையன் வாங்கினான். அந்தக் காசு வீண் இல்லை என்றுதான் இன்னும் சொல்கிறேன்.

கிளம்புகிற அன்று ராத்திரி தம்பி போன். கென்யாவில் 2017லேயே பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணிவிட்டார்கள், கொண்டுபோனால் பறிமுதல் என்று இங்கிலாந்து அரசாங்கப் பயணக் குறிப்பில் படித்தானாம். அம்மா அதற்குள் முறுக்கு, கச்சாயம், பருப்புப்பொடி எல்லாவற்றையும் கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தாச்சு. பதினோரு மணிக்கு உட்கார்ந்து தூக்குப்போசிக்கும் டிபன் டப்பாவுக்கும் மாற்றினோம். இதையும் ஏஜென்சி சொல்லவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் மூன்று ஸ்டார் என்றால், அங்கே போய் இறங்கின பிறகு ஒரு குறை இல்லை. மேலே கூரை தூக்குகிற லேண்ட் குரூசர் இரண்டு, ஒன்பது பேருக்கும் ஜன்னல் சீட். எங்கள் வண்டி டிரைவர் முதல் நாள் காலையில் வாக்கி டாக்கியில் பேசிவிட்டுத் திரும்பி, "டெம்போ, டெம்போ" என்றார். அப்பா பின்னால் எட்டிப் பார்த்து, "எங்க கண்ணு, ஒரு வண்டியையும் காணமே?" ஸ்வாஹிலியில் டெம்போ என்றால் யானையாம். அப்புறம் ஆறு நாளும் அவருக்கு அதுதான் சிரிப்பு. ஆசனூர் ரோட்டில் கரும்பு லாரியை மறிக்கிற யானையைப் பார்த்தே வளர்ந்த மனுஷன், இங்கே பெட்டைக்கும் தந்தம் இருக்கிறதைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

மாரா ஆற்றங்கரையில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட். மான் இனம் என்கிறார்கள், பார்த்தால் மாட்டு மூஞ்சி, குதிரை வால், தாடி. விளிம்பு வரைக்கும் வரும், தண்ணியை மோந்து பார்க்கும், பின்னால் இருக்கிறது தள்ளும், திரும்பிவிடும். "நம்ம பட்டி ஆடு வாய்க்கால் தாண்டற மாதிரித்தான், ஒண்ணு குதிக்கோணும்" என்று அப்பா சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று குதித்தது. அப்புறம் புழுதியும் சத்தமும்தான், தம்பி பெண் போனைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏஜென்சி நோட்டீஸில் "ஆறு தாண்டுவதை நிச்சயம் காணலாம்" என்று போட்டிருக்கிறது, அது சுத்தப் பொய். பக்கத்து வண்டியில் இருந்த குடும்பம் மூன்று நாளாக வந்து அன்றைக்குத்தான் பார்த்தது.

சின்னதாக இரண்டு: விடியற்காலையில் ஊட்டிக் குளிர், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளக் பாயிண்ட் இங்கிலாந்து மாதிரியே சதுர மூணு பின், தம்பி சார்ஜரில்தான் நாங்கள் எல்லோரும் பிழைத்தோம்.

ஊருக்கு வந்து குலசாமி பொங்கலுக்கு ஏஜென்சிப் பையனும் வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில், "அக்கா, டூர் எப்படிங்க, ஒரு ரெவ்யூ போட்டு உடுங்க" என்றான். போட்டாச்சு தம்பி.