1/35 அளவில் ஒரு டி-34/85: கட்டியதும் பூசியதும் பிறகு நடந்ததும்

மாதிரி டாங்கிகளைப் பற்றிய அனுபவப் பகிர்வுகளில் பெரும்பாலானவை வண்ணம் காய்ந்த மறுநாளே எழுதப்பட்டுவிடுகின்றன. அப்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பசை எங்கே விட்டுப்போகும், வார்னிஷ் எப்போது நிறம் மாறும், சங்கிலி எத்தனை கோடைகளைத் தாங்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். சோவியத் ஒன்றியத்தின் டி-34/85 டாங்கியை 1/35 அளவில் கட்டி, வண்ணம் பூசி, சென்னையில் என் வீட்டு அலமாரியில் வைத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி எழுதலாம். தயாரிப்பாளர் பெயரை விட்டுவிடுகிறேன். இதே டாங்கியைப் பல நிறுவனங்கள் வார்க்கின்றன. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். என்னுடையது பழைய அச்சில் வார்த்த, விலை குறைந்த பெட்டி.

முதலில் அளவு. உண்மையான டாங்கி மூன்று மீட்டர் அகலம். பீரங்கிக் குழாயையும் சேர்த்தால் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். 35ஆல் வகுத்தால் எட்டரை சென்டிமீட்டர் அகலமும் 23 சென்டிமீட்டர் நீளமும் வரும். 1/35 என்ற இந்த விசித்திரமான அளவுக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மானிய பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாதிரியாகச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க எந்த அளவு வேண்டியிருந்ததோ அதுவே பின்னர் உலக வழக்காகிவிட்டது. பழைய அச்சுகளில் அடித்தட்டில் தேவையில்லாத துளைகள் தென்படுவதற்கும் இதுதான் காரணம்: அவை மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் விட்ட இடங்கள். பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்துவிடலாம். நான் அடைக்கவில்லை. டாங்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் விருந்தாளி இன்னும் வரவில்லை.

கட்டுவது எளிது. டி-34இன் உடல் சாய்ந்த பலகைகளால் ஆன பெட்டி, வளைவுகள் குறைவு. பாகங்களைச் சட்டத்திலிருந்து சைடு கட்டரால் வெட்டி, கத்தியால் அச்சுக்கோட்டை வழித்து, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய திரவப் பசையை மூட்டில் தொட்டால் போதும். பசை தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அப்படிச் சேர்ந்த மூட்டுகளில் ஒன்றுகூட இதுவரை விடவில்லை. சூப்பர் குளூ போட்ட இடங்களின் கதை வேறு. காலாட்படையினர் டாங்கியின் மேல் ஏறிப் பயணம் செய்யும்போது பிடித்துக்கொள்ளப் பக்கங்களிலும், பீரங்கியோடு சுழலும் மேற்பகுதியான டரெட்டிலும் கைப்பிடிக் கம்பிகள் உண்டு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கம்பிகள் தடித்தவை. அவற்றுக்குப் பதில் மோட்டார் காயில் சுற்றும் அரை மில்லிமீட்டர் செப்புக்கம்பியை வளைத்துப் போட்டேன். துளையிட்டுச் செருகி ஒட்டியவை அசையாமல் நிற்கின்றன. மேலோட்டமாக ஒட்டியவை, தூசு தட்டும்போது விரல் பட்டதற்கே கழன்று விழுந்தன. உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கும் இடமெல்லாம் துளை வேண்டும்.

சேற்றுத்தடுப்புத் தகடுகளையும் சொல்ல வேண்டும். நிஜத்தில் அவை சில மில்லிமீட்டர் தடிமனான இரும்புத் தகடு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால் 35 மில்லிமீட்டர் இரும்பு என்று கணக்கு. இந்த டாங்கியின் பக்கக் கவசமே 45 மில்லிமீட்டர்தான்! ஓரங்களை மட்டும் அடிப்பக்கமாகச் சரித்துத் தேய்த்தால் கண்ணுக்கு மெல்லியதாகிவிடும். ஒரு மூலையைச் சூடாக்கிச் சற்று வளைத்துவிட்டால் இன்னும் நன்று.

புதிதாக டாங்கி கட்ட வருபவர்களுக்கு நான் டி-34ஐச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதன் முரட்டுத்தனம். இதை வடிவமைத்த மிகயில் கோஷ்கின் 1940 மார்ச்சில் இதன் இரண்டு முன்மாதிரிகளோடு கார்கிவிலிருந்து மாஸ்கோவுக்குப் பனியில் பயணம் செய்தார். அதில் பிடித்த நிமோனியா அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை நெருங்கியதும் கார்கிவின் 183ஆம் எண் தொழிற்சாலையே ரயிலேறி யூரல் மலைப்பக்கம் நிஸ்னி தாகில் நகருக்குப் போய்விட்டது. அந்த அவசரத்தில் தேவையில்லாத மெருகையெல்லாம் கைவிட்டார்கள். வார்ப்பு டரெட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகவே வெளிவந்தது. அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஒரு தழும்பும் உண்டு. ஆகவே மாதிரி கட்டுபவரின் கை கொஞ்சம் நடுங்கினாலும் டாங்கி கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: பிளாஸ்டிக் பாகங்களின் இணைப்புக்கோட்டைத் தேய்த்து அழிக்கும் வேகத்தில், நிஜ டாங்கியில் இருந்த வார்ப்புத் தழும்பையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். தொடங்கும் முன் போர்க்காலப் புகைப்படங்களைப் பாருங்கள். நிஸ்னி தாகில், கார்க்கி நகரின் சோர்மவா, ஓம்ஸ்க் ஆகிய மூன்று இடங்களில் 85 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட இந்த வகை செய்யப்பட்டது. டரெட்டின் வார்ப்புக்கோடு இடத்துக்கு இடம் மாறும்.

சொரசொரப்பு வர, மிஸ்டர் சர்ஃபேசர் 500 போன்ற கெட்டித் திரவத்தைத் தேய்ந்துபோன தூரிகையால் குத்திக் குத்திப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஓட்டினேன். இன்று இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பொது இடங்களில் நினைவுச்சின்னங்களாக நிற்கும் டி-34களின் படங்களை நம்பி இறங்காதீர்கள். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் இந்த டாங்கி செய்யப்பட்டது, போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும்கூட. அதனால் பீடத்தின் மேல் நிற்பவற்றில் பலவற்றில் பிற்காலச் சக்கரங்கள் இருக்கும். மேலே ஆண்டுதோறும் அடித்த பச்சை பெயிண்ட் வேறு, வெல்டிங் தையல்களை மூழ்கடித்திருக்கும்.

இனி சங்கிலி. என்னைக் கேட்டால் டி-34 மாதிரியின் தலையெழுத்தை முடிவு செய்வது இதுதான். பீரங்கி, டரெட் எல்லாம் அப்புறம். இந்த டாங்கியில் சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பெரிய ஐந்து சக்கரங்களின் தலையிலேயே சங்கிலி படுத்துக்கொண்டு, சக்கரங்களுக்கு இடையே தொங்கும். அந்தத் தொய்வு இல்லையென்றால் டாங்கிக்கு எடையே இல்லாததுபோல் தெரியும். எடை நிஜத்தில் 32 டன். பழைய பெட்டிகளில் வரும் வினைல் சங்கிலியோ ரப்பர் வளையம்போல விறைப்பாக நிற்கும். அதைச் சக்கரத்தின் மேல் அழுத்தி ஒட்டலாம், அல்லது உடலின் பக்கவாட்டில் சிறு ஊசியைச் செருகிக் கீழே பிடித்துவைக்கலாம். இரண்டுமே பார்வைக்குப் பரவாயில்லை.

பிரச்சினை பின்னால் வந்தது. மென்மையான வினைலில் அதை இளக்கமாக வைத்திருக்க ஒரு பொருள் கலந்திருக்கும். அது மெல்ல மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னும். வண்ணப்படலம் நடுவில் இருந்தால் தாமதமாகும், நிற்காது. இரண்டாவது கோடைக்குப் பிறகு கடைசிச் சக்கரத்தின் விளிம்பில் சங்கிலியின் அச்சு பதியத் தொடங்கியிருந்தது. சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, தனித்தனிக் கண்ணிகளாக வரும் கெட்டிப் பிளாஸ்டிக் சங்கிலி ஒன்றைத் தனியாக வாங்கினேன். பக்கத்துக்கு எழுபதுக்கு மேற்பட்ட கண்ணிகள். ஒன்றில் நடுவே பல் இருக்கும், அடுத்ததில் இருக்காது, மாறி மாறி வரும். அந்தப் பல்லைத்தான் பின்பக்க ஓட்டுச் சக்கரத்தின் உருளைகள் பிடித்து இழுக்கும். நாலைந்து மாலைகள் இதற்கே போய்விடும், கழுத்தும் வலிக்கும். ஆனாலும் இப்போது பெட்டி வாங்குபவர் யாராக இருந்தாலும், உள்ளே இருக்கும் சங்கிலி எந்த வகை என்று முதலில் விசாரிக்கச் சொல்வேன். வினைல் என்றால் மாற்றுச் சங்கிலியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். சோவியத் டாங்கிகளின் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். சரியான 4பிஓ எது என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். இதே பெயரில் விற்கும் குப்பிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை: ஒன்று ஆலிவ், ஒன்று புல், ஒன்று ஏறக்குறைய கறுப்பு. சண்டையில் எனக்கு அக்கறையில்லை. சிறிய பொருளில் எந்த நிறமும் இருண்டே தெரியும் என்பதால் கரும்பச்சையோடு மஞ்சளும் கொஞ்சம் வெளிர்பழுப்பும் கலந்து, நினைத்ததைவிட ஒரு படி வெளிர்ப்பாகவே அடித்தேன். மேலே வரப்போகும் நீர்த்த எண்ணெய் வண்ணப்பூச்சும் தூசுப்படலமும் எப்படியும் அதை இருட்டாக்கும்.

நம் ஊரில் ஏர்பிரஷ் பிடிப்பவருக்கு இரண்டு எதிரிகள். கோடையில் ஆல்கஹால் கலந்த அக்ரிலிக் வண்ணம் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தில் இரண்டு துளி சேர்த்தால் ஒழுங்காக ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் வகையும் மேட் வார்னிஷும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெண்மையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் சங்கிலி கோக்கலாம், பாகங்களைத் தேய்க்கலாம். வார்னிஷ் மூடியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பழமையேற்றுவதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. டாங்கி என்றாலே துரு வழிய வேண்டும், பெயிண்ட் உரிந்து தொங்க வேண்டும் என்று ஒரு மோகம் பரவியிருக்கிறது. கொஞ்சம் யோசியுங்கள். டி-34/85 களத்துக்கு வந்தது 1944இன் தொடக்கத்தில். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதம். பெர்லின் தெருவில் நின்ற டாங்கிக்கு அதிகபட்சம் ஒன்றேகால் வயது. பலவற்றுக்கு அதுகூட இல்லை. அந்த வயதில் கவசத்தில் எங்கிருந்து வரும் அவ்வளவு துரு? புகைபோக்கிக் குழாய்களில் துரு இருக்கலாம், அவை சூடாகி ஆறுபவை. சங்கிலியில் செம்பழுப்புச் சாயல் இருக்கலாம். தரையில் உரசும் இடங்கள் வெள்ளியாய் மின்னும். மற்ற இடங்களில் எல்லாம் தூசு, சேறு, எண்ணெய்க்கறை, வீரர்களின் பூட்ஸ் தேய்த்த தடம். நானும் அதற்கு மேல் போகவில்லை. கேமல் ஆயில் வண்ணத்தில் அடர்பழுப்பை மினரல் டர்பன்டைனில் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டேன். அடியில் இருப்பது நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் என்பதால் கரையாது. தூசுக்கு, வரைபடத்துக்குப் பயன்படும் பேஸ்டல் கட்டிகளை உப்புத்தாளில் உரைத்த பொடி.

மண்ணின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கண் நம்மை ஏமாற்றும். சேறு என்றதும் கை செம்மண் நிறத்துக்குப் போகிறது. உக்ரைனின் வயல்கள் கரிசல். பெர்லினிலோ இடிந்த கட்டடங்களின் சுண்ணாம்பும் செங்கல் தூளும். நான் பெர்லினைத் தேர்ந்ததால் சாம்பலும் மங்கிய வெண்மையுமாகத் தூவினேன், சக்கரங்களின் அடியில் மட்டும் கொஞ்சம் செங்கல்.

பெர்லின் என்றால் குறிகளும் வேறு. போரின் கடைசி வாரங்களில், நேச நாட்டு விமானங்கள் தவறுதலாகத் தாக்கிவிடாமல் இருக்க டரெட்டைச் சுற்றி வெள்ளைப்பட்டையும் கூரையில் வெள்ளைச் சிலுவையும் தீட்டினார்கள். பெட்டியில் இதற்கு டெக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம், தந்திருந்தார்கள். சொரசொரப்பான டரெட்டில் அது படியாது; அடியில் காற்று புகுந்து வெள்ளி மினுக்கம் காட்டும். பளபளப்பு வார்னிஷ் அடித்து, டெக்காலை இளக்கும் மைக்ரோ சோல் திரவத்தைத் தடவி எண்களை மட்டும் படியவைத்தேன். பட்டையைத் தூரிகையால் கைவாக்கில் தீட்டிவிட்டேன், அங்கங்கே பச்சை தெரியும்படி. அசலையும் யாரோ ஒரு சிப்பாய் வாளியோடு நின்று அப்படித்தான் தீட்டியிருப்பான்.

இப்போதைய நிலை இதுதான். அக்ரிலிக் நிறம் மங்கவில்லை; ஆனால் அலமாரி ஜன்னல் வெயில் படாத பக்கம். அக்ரிலிக் மேட் வார்னிஷ் அடித்த வெள்ளைப்பட்டை வெள்ளையாகவே இருக்கிறது. எனாமல் வார்னிஷ் அடித்த ஒரு பழைய மாதிரியில் வெள்ளை எண்கள் தயிர் ஏடுபோல மஞ்சளித்துவிட்டன. பேஸ்டல் பொடி கைபட்ட இடங்களில் போய்விட்டது. வார்னிஷ் அடித்தால் ஒட்டும், ஆனால் பாதி காணாமல் போகும். காய்ந்த இலைத் துணுக்கு, தேயிலைத் தூள் போன்றவற்றைச் சேற்றில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. கடலோர ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்கும், செய்யாதீர்கள். மேட் பரப்பு வீட்டுத் தூசையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். முகப்பவுடர் பூசும் பெரிய மென்தூரிகையால் மாதமொருமுறை தட்டினாலும், என்ஜின் மூடியின் வலைக்குள் போனது போனதுதான். கண்ணாடிப் பெட்டி வாங்கினேன். டாங்கியின் விலையில் பாதி அது.

பணம் என்று பார்த்தால், பெட்டி மட்டும் வாங்கி முடிகிற பொழுதுபோக்கு இல்லை இது. வண்ணம், பசை, சங்கிலி, வார்னிஷ் என்று சேர்ந்து பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். ஏர்பிரஷும் கம்ப்ரஸரும் இல்லாதவர் அகலத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக அடித்தாலும் இந்த டாங்கியில் அழகாகவே வரும். பொறுமையில்லாத சிறுவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம், சங்கிலியில் வெறுத்துவிடுவார்கள். ஒரு டாங்கியாவது ஒழுங்காகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஐஎஸ்-2 என்ற சோவியத் கனரக டாங்கியை வாங்கி வைத்திருக்கிறேன். அதன் சங்கிலிக்கு மேலே தாங்கும் உருளைகள் இருக்கின்றன, தொய்வுக் கவலை பாதி குறையும். பெட்டியைத் திறந்ததும் முதலில் சங்கிலியைத்தான் பார்த்தேன்: தனிக் கண்ணிகள், கெட்டிப் பிளாஸ்டிக்.