கடலூர் கடலோரக் காற்றில் எட்டு ஆண்டுகள்: எங்கள் சாப்பாட்டுக் கடையின் மர வேலை

திருப்பாதிரிப்புலியூரில் 40 பேர் உட்காரக்கூடிய எங்கள் சாப்பாட்டுக் கடையை 2017-இல் திறந்தபோது, உள்ளே கண்ணில் படுவதெல்லாம் மரமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கையிருப்பு அதற்கு இடம் தராததால், மேசைப் பலகைகளுக்குக் காரைக்குடியில் வாங்கிய பழைய தேக்கு, பெஞ்சுகளுக்கு ரப்பர் மரம், சுவருக்குத் தேக்கு வினீர் (தாள் போல மெல்லிதாகச் சீவிய மரம்) ஒட்டிய பிளைவுட் என்று பங்கு போட்டுக்கொண்டோம்.

மேசைகளைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நகரத்தார் வீடுகளுக்காக அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, வீடு இடிபடும்போது உத்திரமும் கதவுமாகக் கைமாறுகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி ஓய்ந்த, வைரம் பாய்ந்த மரம் அது. அப்படியிருந்தும் ஐப்பசி மழையில் பலகை குறுக்குவாட்டில் உப்பி, சித்திரையில் சுருங்கத்தான் செய்யும். அந்த அசைவுக்கு இடம் விட்டு, திருகு ஓட்டைகளை நீளவாக்கில் வெட்டியவர் எங்கள் ஆசாரி. கூலியைக் கூட்டத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தது என் அறியாமை. இன்றுவரை ஒரு பலகைகூட வெடிக்கவில்லை.

பிழை மரத்தில் இல்லை, மேற்பூச்சில் இருந்தது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு மெலமைன் பாலிஷ் அடித்தோம். ஓராண்டுக்குள் சூடான பாத்திரம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் விழுந்தது. கீறல்களின் வழியே சாம்பாரின் மஞ்சள் இறங்கியது. 2019-இல் அனைத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தோம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் கறை பட்ட இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முடிகிறது. மஞ்சள் கறை வெயில் பட்டால் தானே வெளுக்கும் என்பதை ஜன்னலோர மேசைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயப்போட வேண்டும்.

பெஞ்சுகள் மூன்றாம் ஆண்டே தளர்ந்தன. ரப்பர் மரத்தை உளுக்காமல் காப்பது அதில் ஏற்றப்படும் போரான் மருந்து. அந்த மருந்தோ தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது. நாளுக்கு மூன்று வேளை தரை துடைக்கும் கடையில் கால்களின் கதி என்னவாகும் என்று யாரும் யோசிக்கவில்லை. காலடியில் மாவு கொட்டத் தொடங்கிய பிறகு, அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வெட்டிவிட்டு எவர்சில்வர் பூண் பொருத்தினோம். மீதிப் பகுதி இன்னும் நன்றாகவே உழைக்கிறது.

முழுத் தோல்வி என்றால் சுவர்தான். தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 ரகம் (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) என்று விற்றவர் உறுதி சொன்ன பிளைவுட், இரண்டாவது மழைக்காலத்திலேயே அடிப்பகுதியில் ஏடு ஏடாகப் பிரிந்தது. சரக்கின் மீது எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும் பழைய செங்கல் சுவரில், காற்றுப் போக இடைவெளி விடாமல் நேரடியாகப் பலகையை அறைந்தது எங்கள் குற்றமே. பின்பக்கமாகக் கரையான் ஏறியது வெளியே தெரியவே இல்லை. இப்போது மூன்றடி உயரம் வரை கடப்பைக் கல். அதற்கு மேலேதான் மரம்.

நான் எதிர்பாராத ஆதாயம் ஒன்று உண்டு. கூரையின் கீழ் அழகுக்காக அடித்த மரப் பட்டிகளுக்குப் பின்னால், ஏசி போட வந்தவரின் யோசனைப்படி கண்ணாடிக் கம்பளி (கண்ணாடி இழைகளாலான பஞ்சு போன்ற விரிப்பு) வைத்தோம். பட்டிகளின் இடைவெளி வழியாக இரைச்சல் உள்ளே போய் அடங்கிவிடுகிறது. மதியக் கூட்டத்திலும் எதிரில் இருப்பவரிடம் கத்தாமல் பேசலாம். அந்த இடைவெளிகளில் அடுக்களை எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுக்கும் என்பதுதான் இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை. மாதம் ஒருமுறை ஏணி போட்டு, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒவ்வொரு பட்டியாகத் துடைக்கிறோம். ஒருமுறை காரமான அடுப்புத் துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்தியதில் இரண்டு பட்டிகள் கறுத்துப்போயின. அவை கல்லாவுக்கு நேர் மேலே இன்னும் அப்படியே இருக்கின்றன.